இங்கிரிட் ஊதாத விசில்

இங்கிரிட் ஹலுஷ்காவிடம் உதிரிபாகம் வாங்கப் போகிறவர்கள் பாகத்தின் எண்ணைத் தெரிந்துகொண்டு போக வேண்டியதில்லை. அறுவடை இயந்திரம் எந்த இடத்தில் எப்படிச் சத்தம் போட்டது என்று வாயாலேயே செய்து காட்டினால் போதும். "பெல்ட் இல்ல, பேரிங் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எடுத்துக்கொண்டு வருவாள். பெரிய பெரிய மீசைக்காரர்கள் அந்தக் கவுன்டர் முன்னால் நின்று ட்ராக்டர் மாதிரி உறுமிக் காட்டுவதைப் பார்த்துக் கடைக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் பயந்து திரும்பிப் போனதும் உண்டு. ஹால்பர்ட்டில் பத்தொன்பது வருடமாக அந்தக் கவுன்டர் அவளுடையது.

அறுவடை முடிந்து பனி விழ ஆரம்பித்ததும் சனி, ஞாயிறுகளில் அவளுக்கு வேறு உடை. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை, விரலில் மாட்டிய விசில். எங்கள் பள்ளத்தாக்கு லீக்கில் பிள்ளைகள் ஆடும் ஐஸ் ஹாக்கிக்கு அவள்தான் நடுவர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஆனால் விசிலை வாயில் வைத்தால் பயிற்சியாளர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் ஹால்பர்ட் அரங்கத்தில் பனித்தளம் மெழுகுகிற வண்டியை ஓட்டுகிறவன். ஒவ்வோர் இடைவேளையிலும் தளத்தைச் சுரண்டி, வெந்நீர் விட்டு, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு இறங்குவேன். அந்தப் புதுத் தளத்தில் முதல் கோடு போடுகிறவள் எப்போதும் இங்கிரிட். அதனால் இந்த ஊரில் அவளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சின்னப் பெண்ணாக இருக்கும்போது அவள் எங்கள் ஊர்ப் பையன்கள் அணியில் ஆடினாள். பெண்களுக்குத் தனி அணி அப்போது கிடையாது. அணியில் அவளைவிட வேகமாக ஓடுகிறவன் ஒருவனும் இல்லை. நான் சும்மா சொல்லவில்லை, நானும் அந்த அணியில் இருந்தேன். அவள் முதுகைத்தான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு ஓடினேன்.

பதின்மூன்று வயதில் சட்டம் மாறும். அதுவரை மட்டையால் ரப்பர் வட்டைத் தட்டிப் பறிக்கலாம், ஆளை இடிக்கக் கூடாது. பதின்மூன்றிலிருந்து தோளாலும் இடுப்பாலும் எதிராளியை இடித்துத் தள்ளலாம். அந்த வருடம் வசந்தத்தில் அரங்கத்து மாடியில் இருக்கிற சாப்பாட்டு அறையில் பெரியவர்கள் கூடினார்கள். பெண் பிள்ளையை இடி ஆட்டத்தில் விடுவதா வேண்டாமா என்று பேசினார்கள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்றதும் எல்லாக் கைகளும் மேலே போயின. அவளுடைய அப்பாவின் கையும் போனது. பெண்கள் அணி இருந்த இடம் இரண்டு மணி நேரப் பயணம். அப்பாவுக்கு மாடுகள் இருந்தன, முடியவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் பதினான்கு வயது இங்கிரிட் நடுவர் பயிற்சிக்குப் பேர் கொடுத்தாள்.

"ஆட விடலன்னா போகுது. ஐஸை விட்டு என்னை எவனும் இறக்க முடியாது" என்று என்னிடம் சொன்னாள். இறக்க முடியவில்லைதான். முப்பத்து மூன்று வருடம் ஆகிறது.

நடுவர் வேலையில் அவளுக்கு ஒரே மதம், சட்டப் புத்தகம். சொந்தக்காரன், சொந்த ஊர், சொந்தப் புருஷன் எதுவும் கிடையாது. ஒருமுறை அவள் கணவன் டாரல் பார்வையாளர் வரிசையிலிருந்து ஏதோ கத்தியதற்கு ஆட்டத்தை நிறுத்தி, மேலே பார்த்து, "டாரல், இன்னொரு வார்த்தை பேசினா, வண்டியில போய் உக்காரு" என்றாள். பொட்டாஷ் சுரங்கத்தில் வேலை பார்க்கிற ஆறடி மனிதன் வாயை மூடிக்கொண்டு காப்பி குடித்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி மாதம் பக்கத்து ஊரான டோர்விக்கில் ஓர் ஆட்டம், நடுவர் இங்கிரிட். டோர்விக்கும் நாங்களும் மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை குறைவு. இருபத்து நான்கு கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் அவர்கள் பேக்கரியில் எங்கள் ஆள் யாரும் ரொட்டி வாங்க மாட்டான். அன்றைக்கு டோர்விக் அணியில் சோல்வி என்று ஒரு பெண் ஆடினாள், பதின்மூன்று வயது. அப்போதெல்லாம் எங்கள் லீக்கிலும் அந்த வயதில் இடிக்கலாம், பெண்கள் ஆடவும் தடை இல்லை. அவள் அப்பா ஆர்வில் டால், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர். அவர்தான் அணியின் பயிற்சியாளர்.

சோல்வி தலையைக் குனிந்து, வட்டையே பார்த்துக்கொண்டு நடுத்தளத்தைக் கடந்தாள். எதிரே வந்த பையன் தோளால் அவள் மார்பில் இடித்தான். முழங்கை தூக்கவில்லை, குதிக்கவில்லை, பின்னாலிருந்து வரவில்லை. சட்டம் சொன்னபடியே ஒரு இடி. அவள் மல்லாந்து விழுந்தாள். ஹெல்மெட் பனியில் மோதிய சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டதாம்.

இங்கிரிட்டின் கை உயரவில்லை. தப்பு நடந்திருந்தால்தானே உயரும்?

ஆர்வில் பெஞ்சுக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு, சாதாரண பூட்ஸோடு பனியில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தார். அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இங்கிரிட் விளையாட்டு நிறுத்தத்துக்கு விசில் ஊதி, சட்டப்படி அவரைப் பார்த்துக் கதவை நோக்கிக் கையை நீட்டினாள். வெளியேற்றம். மகளைத் தூக்கிக்கொண்டு அவர் எப்படியும் வெளியேதான் போகப் போகிறார். ஆனாலும் கை நீண்டது.

மூளை அதிர்ந்துபோய், வெளிச்சம் தாங்காமல் சோல்வி நான்கு மாதம் இருட்டறையில் கிடந்தாள். பள்ளிப் புத்தகத்தில் இரண்டு வரி படித்தால் வாந்தி. பிறகு தேறிவிட்டாள், ஆனால் ஹாக்கி மட்டையைத் தொடவில்லை.

அந்த வாரம் லீக் மேற்பார்வையாளர் எங்கள் அரங்கத்துக்கு வந்து, பதிவு செய்த படத்தை இங்கிரிட்டோடு உட்கார்ந்து ஐந்தாறு முறை ஓட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியா செஞ்சிருக்கீங்க. குறை சொல்ல ஒண்ணுமே இல்ல" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவள் மட்டும் அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் செஞ்சது சரி. அதுதான் எனக்குப் புரியவே இல்ல" என்றாள்.

இரண்டு வருடம் கழித்து எங்கள் லீக், அந்த வயதுக்கு இடி கிடையாது என்று சட்டத்தை மாற்றியது. சண்டை ஓயவில்லை. எங்கள் ஊர் வாக்குவாதம் அங்கே தொடங்குகிறது.

போன வருடம் மார்ச் மாதக் கணக்குப்படி ஹால்பர்ட்டில் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆடுகிற பிள்ளைகள் மொத்தம் ஒன்பது. ஆறு பையன்கள், மூன்று பெண்கள். லீக்கில் அணி பதிய வேண்டுமென்றால் பன்னிரண்டு பேர் வேண்டும். எங்கள் ஹாக்கி சங்கத் தலைவர் பக்கத்து மாகாணத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். துணைத் தலைவி இங்கிரிட். ஏப்ரல் கூட்டத்தை அவள் நடத்த வேண்டியதாயிற்று, அதே சாப்பாட்டு அறையில்.

முப்பத்தொரு குடும்பமும் வந்திருந்தது. முதலில் எழுந்தவன் டுவேன் ராஸ்முசன். மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறான். எங்களோடு படித்தவன், ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரன். குரலை உயர்த்தாமல் பேசத் தெரியாது, கோபம் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

"நான் சுத்தி வளைக்கல. சங்கத்தை அப்படியே நகரத்து லீக்ல சேத்துடுவோம். அங்க இடி உண்டு, நல்ல பயிற்சி உண்டு. என் பெரியவன் பதினாறு வயசுல இடி ஆடற பெரிய டீமுக்குப் போனான். முதல் மாசமே தோள்பட்டை கழண்டுச்சு. ஏன் தெரியுமா? அதுவரைக்கும் அவனை ஒருத்தனும் இடிச்சதே இல்ல. எப்படி வாங்கிக்கிறதுன்னே தெரியல பயலுக்கு. நீச்சல் கத்துக் குடுக்காம ஆத்துல தள்ளி விடுற மாதிரிதான் இது. நாம பிள்ளைங்களைக் காப்பாத்தறோம்னு நெனச்சுக்கிட்டு, ரெண்டு வருஷம் தள்ளி வெச்சுக் கொல்றோம்."

பலர் தலையாட்டினார்கள். இங்கிரிட்டும் ஆட்டினாள், நான் பார்த்தேன்.

"நகரத்து டீம்ல நம்ம ஒன்பது பேர்ல எத்தனை பேரை எடுப்பாங்க, டுவேன்?" என்று கேட்டாள்.

"நல்லா ஆடறவங்களை எடுப்பாங்க."

"எத்தனை?"

"மூணு பேர். நாலுன்னு வெச்சுக்கோ."

"மிச்சம் அஞ்சு?"

"கீழ் டீமுங்க இருக்கு."

"ரெண்டு மணி நேரம் பனில வண்டி ஓட்டிட்டுப் போய், கீழ் டீம்ல பெஞ்சு தேய்க்கவா? ரெண்டு வாரத்துல வீட்டுலயே இருக்கேன்னு சொல்லிடும் அந்தப் பிள்ளைங்க."

"சரி, நீ சொல்லு. உன் வழி என்ன? பன்னெண்டு பேர் வேணும், ஒன்பதுதான் இருக்கு. மூணு பிள்ளை பெத்துத் தரப் போறியா?"

அறை சிரித்தது. இங்கிரிட் சிரிக்காமல் சொன்னாள்: "இப்போ ஆரம்பிச்சா பதிமூணு வருஷம் ஆகும், டுவேன். அவ்வளவு பொறுமை உனக்குக் கிடையாது. எனக்கு ரெண்டு வாரம் மட்டும் குடு."

கொடுத்தார்கள். ஆனால் அவளுக்கு முதல் அடி வீட்டிலேயே விழுந்தது.

அவள் மகன் ரோமன் அந்த ஒன்பது பேரில் ஒருவன். பதின்மூன்று வயதிலேயே அப்பாவின் தோளைத் தாண்டி நிற்கிறான். சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்கு அடைத்த பெரோகியை வாயில் வைத்துக்கொண்டே, "அம்மா, நான் நகரத்துத் தேர்வுக்குப் போறேன்" என்றானாம். டாரல் பிறகு எனக்குச் சொன்னது.

"முழுங்கிட்டுப் பேசு. போக வேணாம்."

"டுவேன் சொல்றது சரிதானே? எனக்கு இடிச்சு ஆடணும். இங்க யாரைத் தொட்டாலும் ரெண்டு நிமிஷம் வெளிய உக்கார வெக்கறீங்க. நீங்களே ஏழு தடவை உக்கார வெச்சிருக்கீங்க."

"எட்டு."

"பாத்தீங்களா!"

"டேய், ஒரு பிள்ளை விழுந்ததை நான் பக்கத்துல நின்னு பாத்தவ. அந்தச் சத்தம் நீ கேக்கல."

"நான் அந்தப் பொண்ணு இல்லம்மா. நான் நான்தான்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். டாரல் அதிகம் பேசுகிறவன் இல்லை. பாத்திரம் கழுவும்போது மட்டும் சொன்னானாம்: "உன்னை ஐஸை விட்டு இறக்கினாங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேந்து சொல்லிட்டு இருக்கே. இப்போ இவனை நீ இறக்கறே."

அவள் துணியைக் கீழே வைத்தாளாம். "நீ அடுத்த வாரம் ஷிஃப்ட் மாத்திக்கோ" என்றாளாம். "தேர்வு வியாழக்கிழமை. நான் அவனைக் கூட்டிட்டுப் போகணும். கடையில என் இடத்துல யாராவது நிக்கணும்."

அதற்கு முன்னால் அவள் டோர்விக்குக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர்கள் அரங்கத்தில் தளம் மெழுகும் வண்டிக்குப் பனி சுரண்டுகிற கத்தி ஒன்று தேவைப்பட்டது, கொடுக்கிற சாக்கில் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க வயல்களில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது.

ஆர்வில் டால் இப்போது டோர்விக் சங்கத்தின் தலைவர். பட்டறையில் பொறி பறந்துகொண்டிருந்தது. ஆளைக் கண்டதும் முகமூடியைத் தூக்கினார். அறுபதை நெருங்குகிற முகம், புருவம் கருகியிருந்தது.

"யாரு? ஓ. கை தூக்கத் தெரியாதவளா?"

"ஆமா. உள்ள வரலாமா?"

"வெளிய போன்னு சொல்றது இன்னைக்கு என் முறை."

"சொல்லுங்க. நான் வந்த விஷயத்தைக் கேட்டுட்டுச் சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்."

அவர் நெருப்பை அணைத்தார். நான் வாசலிலேயே, கையில் கத்தியோடு நின்றேன். அந்தக் கோலத்தில் நின்றது சூழ்நிலைக்கு உதவவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இங்கிரிட் சொன்னாள்: "அன்னைக்கு நான் தப்புன்னு கை தூக்காதது சட்டப்படி சரி. இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனா உங்களை வெளிய அனுப்பினது தப்பு. பிள்ளை மல்லாந்து கிடக்கறப்போ அப்பன் கத்தாம பாட்டா பாடுவான்? அது எனக்கு அங்கேயே தெரிஞ்சிருக்கணும். ஆறு வருஷம் ஆச்சு வந்து சொல்ல. மன்னிச்சுக்குங்க."

ஆர்வில் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார்.

"ஏம்மா, நீ மன்னிப்புக் கேக்க வந்தியா, இல்ல ஆள் கேக்க வந்தியா? உங்க ஊர்ல ஒன்பது பேர்தான்னு எனக்கும் சேதி வந்துச்சு."

"ரெண்டும்தான். மன்னிப்பு முதல்ல. அது கிடைக்கலன்னாலும் ஆள் வேணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இருமினார். "எங்ககிட்ட எட்டு பேர் இருக்காங்க. ஆனா கோல்கீப்பர் இல்ல."

"எங்ககிட்ட ரெண்டு கோல்கீப்பர். ஒருத்தி உக்காந்தே இருக்கா."

"உங்க சிவப்புச் சட்டையை எங்க பிள்ளைங்க போட மாட்டாங்க."

"உங்க பச்சையை எங்க பிள்ளைங்களும் போடாதுங்க."

"இடி கிடையாது. அதுல நான் ஒரு அங்குலம் இறங்க மாட்டேன்."

"கிடையாது. நம்ம லீக்லயே இருப்போம். ஆனா ஒண்ணு. செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு மணி நேரம், டுவேன் ராஸ்முசன் எல்லாப் பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுப்பான்."

ஆர்வில் முகம் மறுபடி இறுகியது. "அந்தக் கத்துறவனா? எங்க பிள்ளைங்களுக்கு இடிக்கச் சொல்லிக் குடுக்கவா?"

"இடிக்க இல்ல. இடி வாங்க. தளத்தைச் சுத்தியிருக்கற பலகைச் சுவத்துக்கிட்ட எப்படி நிக்கணும், எப்படி விழணும், எப்படித் தலையைத் தூக்கிட்டே வட்டை ஓட்டணும். அதெல்லாம் தெரிஞ்சவன் இந்தப் பக்கத்துல அவன் ஒருத்தன்தான். சோல்வி அன்னைக்குத் தலையைக் குனிஞ்சு வந்தா. தலையைத் தூக்குன்னு அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. இடிக்கலாம்னு சட்டம் போட்டோம், சட்டத்தை மட்டும் குடுத்துட்டு விட்டுட்டோம். நீங்களும் சொல்லல, நானும் சொல்லல."

இனி அடிதான் விழும் என்று நினைத்தேன். ஆர்வில் கையுறையை மேசைமேல் போட்டார்.

"அவளும் அதையேதான் சொல்றா" என்றார். "கால்நடை மருத்துவமனை வேலைக்குப் படிக்கறா இப்போ. போன கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ சொன்னா. 'அப்பா, நீங்கதான் என் கோச், தலையைத் தூக்குன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்'னு. ரெண்டு நாள் நான் அவகிட்டப் பேசல." பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏன்யா கத்தியோட நிக்கறே? வெச்சுட்டுக் காப்பி குடி" என்றார்.

டுவேன்தான் இன்னும் மடங்கவில்லை. அடுத்த நாள் அவன் தீவனம் கலக்கும் இயந்திரத்துக்குச் சங்கிலி வாங்கக் கடைக்கு வந்தபோது இங்கிரிட் செவ்வாய்க்கிழமைத் திட்டத்தைச் சொன்னாள்.

"என்னை வளைக்கப் பாக்கறியா?"

"ஆமா."

"வெளிப்படையா ஒத்துக்கறியே!"

"மறைச்சா மட்டும் உனக்குத் தெரியாமப் போயிடுமா? நீ சொன்னது பாதி சரி, டுவேன். அந்தப் பாதியை நீயே வந்து செய்ங்கறேன்."

"மீதி பாதி?"

"மீதி பாதில அஞ்சு பிள்ளைங்க வீட்டுல உக்காரும். அதுல உன் சின்னவன் கோல்பியும் ஒருத்தன். அது உனக்கும் தெரியும்."

கோல்பி நல்ல பையன், கொஞ்சம் மெதுவாக ஓடுவான். டுவேன் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கடையின் பற்றுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட மறந்துவிட்டான்.

இரண்டாவது கூட்டத்துக்கு ஆர்வில் டால் நேரில் வந்து கடைசி வரிசையில் கைகட்டி நின்றார். டோர்விக்காரர் ஒருவர் அந்தப் படிக்கட்டில் ஏறியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை. அறை முழுக்க முணுமுணுப்பு. இங்கிரிட் இரண்டு ஊரும் சேர்ந்து ஓர் அணி, பள்ளத்தாக்கு லீக்கிலேயே, இடி இல்லாமல், செவ்வாய்ப் பயிற்சியோடு என்று விவரமாகச் சொன்னாள்.

முன் வரிசையில் ஒரு தாய் எழுந்தாள். கோல்கீப்பர் பெண்ணின் அம்மா, நேராகப் பேசுகிறவள்.

"எல்லாம் சரி இங்கிரிட். ரோமன் எங்க ஆடப் போறான்?"

இங்கிரிட் தயங்கவில்லை.

"நகரத்துல. வியாழக்கிழமை தேர்வுக்குப் போனான். ரெண்டாவது டீம்ல எடுத்திருக்காங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

பிடித்துக்கொண்டார்கள். "அது எப்படி? ஊருக்கு ஒரு நியாயம், உன் வீட்டுக்கு ஒரு நியாயமா?" "உன் பையன் இடிக்கலாம், எங்க பையன் கூடாதா?" "இதுக்குத்தான் ரெண்டு வாரம் கேட்டியா?"

அவர்கள் கத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். முப்பத்து மூன்று வருடம் கத்தல் கேட்டுப் பழகியவள்.

"உங்க பையனும் போகலாம்" என்றாள். "தேர்வு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. யாருக்குப் போகணுமோ என் வண்டில இன்னும் மூணு இடம் இருக்கு, ஏத்திக்கறேன். எனக்கு அவன் போறது பிடிக்கல. ஆனா அது அவன் முடிவு. என்னை இதே ரூம்ல, எனக்குப் பதிமூணு வயசுல, கை தூக்கி ஐஸை விட்டு இறக்கினீங்க. அன்னைக்குத் தூக்கின கை ரெண்டு மூணு இங்கயே இருக்கு. இந்தப் பிள்ளை இடி ஆடலாம், இந்தப் பிள்ளை ஆடக் கூடாதுன்னு ஊர் கை தூக்கி முடிவு பண்றது எனக்கு வேண்டாம். போறவன் போகட்டும். போக முடியாத எட்டுப் பிள்ளைங்களுக்கும் இந்த ஊர்ல ஆட ஒரு டீம் இருக்கணும். நான் கேக்கறது அது ஒண்ணுதான்."

பழைய ஆட்கள் இருவர் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

அப்போது டுவேன் எழுந்தான். வழக்கம்போல அறை அதிரும் குரல்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?"

"ஆறு மணி" என்றாள் இங்கிரிட்.

"ஆறரைன்னா வரேன். மாட்டுக்குத் தீனி வெக்கணும்."

"ஆறரை."

"அப்போ என் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பேசுவோம். நான் தோத்துட்டேன்னு எவனும் நெனைக்காதீங்க." திரும்பி ஆர்வில்லைப் பார்த்தான். "ஓய், உங்க பிள்ளைங்க அழுதா நான் பொறுப்பு இல்ல."

"எங்க பிள்ளைங்களைப் பாத்து நீ அழாம இருந்தா சரி" என்றார் ஆர்வில்.

இருபத்தேழு கைகள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு.

சட்டை நிறத்துக்கு மட்டும் மே, ஜூன் இரண்டு மாதமும் போயிற்று. பெரியவர்கள் பேசிப் பேசித் தீராமல், கடைசியில் பிள்ளைகளிடமே விட்டார்கள். அந்தச் சமயம் இரண்டு ஊருக்கும் நடுவில் கனோலா எண்ணெய்வித்து வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. கண்ணைப் பறிக்கிற மஞ்சளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதினாறு பேரும் ஒன்றாகத் தளத்தில் இறங்கினால் பள்ளிக்கூட பஸ் ஒன்று தறிகெட்டு ஓடுகிற மாதிரி இருக்கும்.

அக்டோபரில் செவ்வாய்ப் பயிற்சி தொடங்கியது. டுவேன் பிள்ளைகளைப் பலகைச் சுவர் ஓரமாக நிறுத்தி, "முட்டியை மடக்கு! சுவர் உன் எதிரி இல்ல, உன் நாற்காலி! சாஞ்சுக்கோ!" என்று கத்துவான். வட்டை ஓட்டும்போது அவன் விரலைக் காட்டி எத்தனை விரல் என்று கேட்பான். தப்பாகச் சொன்னவர் ஒரு சுற்று ஓட வேண்டும். முதல் மாதம் ஆர்வில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒவ்வோர் அசைவையும் முறைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதம் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, "நீ சொல்லிக் குடுக்கறது தப்பு, தோள் இன்னும் கீழ இறங்கணும்" என்று டுவேனோடு சண்டை போட்டார். அதன் பிறகு பயிற்சியில் இரண்டு குரல். நான் வண்டியை வெளியே எடுக்க முடியாமல் காத்திருக்க வேண்டியதாயிற்று, இருவரும் தளத்தை விட்டு இறங்க மாட்டார்கள்.

அணி ஏழில் மூன்றாவதாக முடித்தது. ஒரு பிள்ளைகூட நடுவில் நின்றுவிடவில்லை. கோல்பி வேகம் கூடவில்லை, ஆனால் தலை நிமிர்ந்து ஆடினான். எங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வட்டைக் கொடுக்கிறவனாகிவிட்டான்.

ரோமன் நகரத்தில் நன்றாகவே ஆடினான். நிறைய இடித்தான், நிறைய வாங்கினான். ஜனவரியில் ஓர் இடியில் மணிக்கட்டு பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தான். "இப்போ என்ன சொல்றே?" என்று இங்கிரிட் கேட்டதற்கு, "அடுத்த தடவை மட்டையை விட்டுட்டுத்தான் விழணும்" என்றானாம். சனிக்கிழமைகளில் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவள் அங்கே மேல் வரிசையில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றாள். ஞாயிறு எங்கள் லீக்கில் விசில். அவள் வண்டியின் மூன்று இடத்தில் ஒன்றை மட்டும் அடுத்த வயதுப் பிரிவுப் பையன் ஒருவன் நிரப்பினான்.

இந்த ஏப்ரல் கூட்டம் போன வாரம் நடந்தது. விதைப்புக்கு முந்தைய நாட்கள், கடையில் கூட்டம் நெரிந்ததால் இங்கிரிட் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தாள். அதற்குள் அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தோம். முன்மொழிந்தவன் டுவேன். வழிமொழிந்தவர் ஆர்வில். அவருக்கு எங்கள் சங்கத்தில் ஓட்டு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்றாள் அவள், கையில் கிரீஸ் கறையோடு கதவருகே நின்று.

"நீ இருந்தா வேணாம்னு சொல்லுவே" என்றான் டுவேன். "உக்காரு, என்கிட்ட ஒரு தீர்மானம் இருக்கு. பன்னெண்டு வயசுப் பிள்ளைங்களையும் செவ்வாய்க்கிழமைக்குச் சேக்கணும்."

"அதுக்கு ஐஸ் நேரம் பத்தாது" என்றாள் இங்கிரிட், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "சரி, எத்தனை பேர்னு சொல்லு. ஒவ்வொரு பேராச் சொல்லு."